இளவரசியை எழுப்பியது யார்?

மயங்கிக் கிடக்கும் இளவரசியை எழுப்ப ராஜகுமாரன் வந்து முத்தம் கொடுத்தே ஆக வேண்டுமா? கார்ட்டூன் பார்த்துவிட்டு என் ஐந்து வயது மகள் கேட்கிறாள்!

கால் இடறினாலே போதும்! கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையில் முத்தமே கிடையாது. இளவரசி கிடக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் வேலையாட்கள் புதரில் தடுக்க, பெட்டி குலுங்கி, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே தெறிக்கிறது. பெண் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். முத்தத்தால் அவள் கண்விழிப்பது, 1937-ல் வந்த டிஸ்னி படத்தில்.

அதே டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ (2013) பாருங்கள். அக்காவை வெட்ட ஓங்கிய வாளுக்குக் குறுக்கே பாய்ந்து, பனிச்சிலையாக உறைகிறாள் தங்கை அன்னா. அவளை உருக வைப்பது அந்த உடன்பிறந்த பாசம்தான். வாளை ஓங்கியவனே ஒரு ராஜகுமாரன்! மகளுக்கு இந்தப் படத்தை முதலில் போட்டுக் காட்டுங்கள்.