இடைச்செருகல் எண்கள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இரண்டு எண்களுக்கு இடையே ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது எட்டாம் வகுப்போடு முடிந்துபோகும் கணக்கு என்றே கற்றறிந்தோர் பலரும் நம்பிவருகின்றனர். கூட்டி இரண்டால் வகுத்தால் தீர்ந்தது. 1/2, 2/3 என்றால் விடை 7/12. அதற்கும் சோம்பல்படும் பிள்ளை மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டி 3/5 என்று எழுதும். பின்னங்களைக் கூட்டச் சொன்ன இடத்தில் இப்படிச் செய்தால் முட்டை மதிப்பெண். இடையெண் கேட்ட இடத்தில் முழு மதிப்பெண். நேர்ப் பின்னங்களில் அந்த விடை தவறாமல் நடுவில்தான் விழும். 1816-ல் இத்தகைய பின்ன வரிசைகள் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஜான் ஃபேரியும் பாறைகளை ஆராய்ந்தவரே ஒழியக் கணிதப் பேராசிரியர் அல்லர். எனினும் வகுப்பறைக்கு வெளியே இடையெண் தேவைப்படுகிறவர் பின்னத்தை நாடுவதில்லை, எழுத்தையே நாடுகிறார் என்பதும், அவர் செய்வதே சரி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று அரசியல் சட்டம். 1950-ல் அதில் 395 பிரிவுகள். அதன்பின் எத்தனையோ பிரிவுகள் உள்ளே வந்தும் கடைசிப் பிரிவின் எண் இன்றும் 395தான். 2002-ன் திருத்தத்தில் கல்வி உரிமை 21-க்கும் 22-க்கும் நடுவே 21ஏ ஆக அமர்ந்தது. இதைவிட நுட்பமானது 239-ன் கதை. புதுச்சேரி முதலிய ஒன்றியப் பகுதிகளுக்குச் சட்டமன்றம் தர 1962-ல் 239ஏ வந்தது, 1971-ல் 239பி. 1991-ல் டெல்லியின் முறை வந்தபோது இரண்டுக்கும் நடுவே இடமே இல்லை. நெரிசல் பேருந்தில் 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்பவரைப் போல 239ஏஏ நுழைந்தது, கூடவே 239ஏபி-யையும் உட்கார வைத்துக்கொண்டது.

'21ஏ என்பது எண்ணே அல்லவே' என்று கணித ஆசிரியர் மறுப்பார். நடுவில் இருப்பதற்கு வரிசை போதும், அளவு வேண்டியதில்லை. கதவு எண்ணைப் பாருங்கள். 12-க்கும் 13-க்கும் இடையே எழுந்த வீட்டுக்கு 12/2 என்று எழுதுகிறோம். கணக்குப்படி அது 6. தபால்காரர் எவரும் வகுத்துப் பார்த்து ஆறாம் வீட்டுக்குப் போவதில்லை. சரி, இருபத்தொன்றரை என்று வைத்தால் என்ன? அடுத்து வருவது இருபத்தொன்றே கால், அதற்கடுத்தது இருபத்தொன்றே அரைக்கால். இப்படிப் பாதி பாதியாக நுழைத்துக்கொண்டே போனால் ஒன்பதாவது நுழைவிலேயே 1/512 வந்துவிடும். நம் முன்னோரின் முந்திரியே 1/320தான். அதற்கும் கீழே இறங்கிச் சட்டம் இயற்ற எந்த உறுப்பினரும் துணியார்.

எழுத்து முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. அகராதி வரிசைப்படி 21-க்கும் 21ஏ-வுக்கும் நடுவே எதுவும் நுழைய முடியாது. பின்னங்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிரிட்டிஷ் சட்ட வரைவாளர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: 1-க்கும் 1ஏ-வுக்கும் இடையே 1இசட்ஏ. நம் சட்டத்திலோ 243இசட்ஏ வருவது 243இசட்டுக்குப் பிறகு. லண்டனில் ஏ-வுக்கு முந்தியது இங்கே இசட்டுக்குப் பிந்தியதாகிறது. இவ்விரு மரபினரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சட்டம் எழுதாதவரை ஆபத்தில்லை.

'எல்லாவற்றுக்கும் புதிதாக எண் போட்டுவிட்டால் இடைச்செருகலே வேண்டாமே' என்பது கடைசி மறுப்பு. போட்டுத்தான் பார்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கு எண் 318. ஊரில் ஏமாற்றுக்காரன் இன்னும் ஃபோர் ட்வென்டிதான். சென்னையில் தெருக்களுக்குக் கதவு எண்ணை மாற்றினார்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினால்தான் முகவரி முழுமையாகிறது. புதிதாக வரும் ஒரு வீட்டுக்கு ஓர் எழுத்து போதும் என்றிருந்த தெருவில், இப்போது இருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு எண். அதற்குப் பிறகு எழும்பிய மாடிக்குப் புதிய எண்ணின் பக்கத்திலேயே ஓர் ஏ-வும் சேர்கிறது.