அஞ்சுக்கு நாலு: பழைய வீட்டுக் குளியலறைச் சீரமைப்பில் ஓட்டையின் மேலாதிக்கம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறிய குளியலறையைப் புதுப்பிக்க முனையும் குடும்பம் முதலில் டைல்ஸின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில்தான் கழிவுநீர் போகும் ஓட்டைக்கு வருகிறது. உண்மையில் நிறத்தைத் தவிர ஏனைய எல்லாவற்றையும் அந்த ஓட்டை எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆகவே இவ்வரிசை தலைகீழாக வேண்டும் என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். நிதியுதவி: வீட்டின் மூத்த மகன், அரைமனதுடன்.

1. ஆய்வுக்களம்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லையை ஒட்டி இருக்கும் குளியலறையே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கூரை மெட்ராஸ் டெரஸ். அதாவது மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியது. சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சுதான். நீளம் ஐந்தடி, அகலம் நான்கடி. இதனைக் கொத்தனார்கள் ‘அஞ்சுக்கு நாலு’ என்று சற்றே இரக்கத்துடன் உச்சரிப்பர்.

உள்ளிருக்கும் தொல்பொருட்கள் வருமாறு: நடுவில் தேய்ந்து சிமெண்ட் தெரியும் சிவப்புத் தரை, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, எதிர் மூலையில் ஒரு படி உயர்த்திய இந்தியன் கழிப்பிடம், கீழ்ப்பாதியில் தகரம் அடித்து, ஐப்பசியில் உப்பித் தை பிறக்கும்வரை சாத்த விடாத கதவு, பட்டைக்கண்ணாடி ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி போன இடத்தில் செருகிய காலண்டர் அட்டை. விளக்கு ஸ்விட்ச் வெளியே இருக்கும். உள்ளே இருப்பவரை விரைவுபடுத்த வெளியே நிற்பவர் கையாளும் கருவி அது.

2. முந்தைய ஆய்வுகள்

மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. செங்கல்லை இடைவெளியின்றி அடுக்கி, ஜிப்சம் சாந்து சேர்த்து, நிலக்கீல் அடுக்கும் கொடுத்து நீர்க்கசிவைத் தடுத்திருக்கிறார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு, ‘எங்க சுவத்துல ஈரம் ஊறுது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் யாரும் அங்கே சண்டைக்கு வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அடுத்த பாய்ச்சல் 1775-இல் நிகழ்ந்தது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், எஸ் வடிவில் வளைந்த குழாயுடன் கூடிய ஃப்ளஷ் கழிப்பிடத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வளைவில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீரே சாக்கடைக்கும் நாகரிகத்துக்கும் நடுவே உள்ள எல்லை. நம் குளியலறைத் தரை ஓட்டைக்கடியில் இருக்கும் நஹானி டிராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்கு நிற்க வேண்டியதும் அதே எல்லைதான். குடும்பம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எல்லை வற்றிவிடும், கரப்பான்பூச்சி குடியேறும்.

3. அளவையியல்

குளியலறை மட்டுமெனில் குறைந்தது 1.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கழிப்பிடமும் சேர்ந்ததெனில் 2.8 சதுர மீட்டர். நம் அறையோ 1.86. குளிக்க மட்டுமெனில் ஏறத்தாழ ஓர் ஏ4 தாளின் பரப்பு மிச்சம்; கழிப்பிடத்தையும் கணக்கில் கொண்டால் பத்துச் சதுர அடி துண்டு. இந்த ஏ4 தாளின் மேல்தான் ஷவர் தடுப்புக் கண்ணாடி, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் மூன்றையும் வைக்கக் குடும்பத்தார் உத்தேசித்துள்ளனர்.

4. ஓட்டைக் கோட்பாடு

குளியலறைப் பொருட்கள் இருவகைப்படும்: இடம் மாறுவன, மாறாதன. சோப்புப் பெட்டி, கண்ணாடி, கொடிக்கம்பி, மூத்த மகனின் கருத்து முதலியன முதல்வகை. கழிவுக்குழாய் இரண்டாம் வகை. என்னை எனின், அது தரைக்கடியில் சரிவு பிசகாமல் தெருச் சாக்கடை வரை போயாக வேண்டும். நான்கு அங்குலக் குழாயை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினால் சரிவுக்குப் புதிதாக ஆழம் தேட வேண்டும். பழைய சுவரின் காலடியில் உளி இறங்க வேண்டும். ஆதலின் ஓட்டை இருக்கும் இடத்துக்கு, இந்தியன் கழிப்பிடத்துக்குப் பதிலாக வரும் கம்மோடு போகும். கம்மோடு இருக்கும் இடத்தைப் பார்த்து மற்றவை ஒதுங்கும்.

இக்கோட்பாட்டை மதியாதவரை அது கடையிலிருந்தே பழிவாங்கத் தொடங்கும். எஸ் டிராப் கம்மோடுகள், சுவரிலிருந்து ஓட்டையின் மையம் வரை உள்ள தூரத்தைக் கொண்டு நான்கு, ஒன்பது, பன்னிரண்டு அங்குலம் என விற்கப்படுகின்றன. குடும்பத் தலைவர் டேப்பை வைத்து அளந்து, ஒன்பது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்புவார். அவர் அளந்தது பழைய சுவர். அதன்மேல் சாந்தும் டைல்ஸும் ஏறியபின் ஒன்பது எட்டாகிவிடும். கம்மோடின் முதுகு சுவரில் முட்டும். டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவர் எங்கே நிற்குமோ அங்கிருந்து அளப்பதே அளவு எனக் கொள்க.

5. முழங்கால்–கதவு முரண்

கம்மோடு சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டேகால் அடி முன்னே நீட்டும். நான்கடி அகலத்தில் எஞ்சுவது ஒன்றேமுக்கால் அடி. உள்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவும் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் உரிமை கோருவது இதனால்தான். வழக்கு முழங்காலுக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால், வெளியிலிருந்து அக்கதவைத் தள்ள முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். கம்மோடை ஒட்டிய சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. அதற்கான இடத்தை டைல்ஸ் ஏறுமுன்பே குறித்துவிட வேண்டும்.

6. களப்பணி

பிளம்பர் குத்தவைத்து உட்கார்ந்து, துருவேறிய ஜி.ஐ. குழாயை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டி, “இத யாரு சார் போட்டது?” என்றார். கொத்தனார் சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்ற சத்தத்தோடு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதே கேள்வியை அவரும் கேட்டார். கீசர் 2,000 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்த எலெக்ட்ரீஷியன், ஈரச்சுவரில் இருந்த 5 ஆம்பியர் பிளக்கைப் பார்த்துவிட்டுக் கேள்வியே கேட்கவில்லை. மெயின் எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். இதனை ‘முன்னோர் நிந்தனை மரபு’ எனலாம். இனி வரப்போகிறவர் இவர்கள் மூவரைக் குறித்தும் இதையே கேட்பார் என்பதால் மரபு அறாது.

அதுவரை கூடத்தில் ஊஞ்சலில் இருந்த பாட்டி எழுந்து வந்து, “எல்லாம் சரிப்பா, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?” என்றார். “அது பாத்துக்கலாம்மா” என்றார் கொத்தனார். களப்பணி முழுவதிலும் எழுந்த ஒரே அறிவியல் வினா அதுவே. அதற்குக் கிடைத்த விடையை ஆய்வாளர் ஏற்பதற்கில்லை.

7. சரிவியல்

பாட்டியின் வினாவுக்கு விடை வருமாறு. அறுபதுக்கு ஒன்று என்ற கணக்கில், ஐந்தடித் தரை நஹானி டிராப் ஓட்டையை நோக்கி ஓர் அங்குலம் தாழ வேண்டும். “பழைய தரைமேலயே டைல்ஸ ஒட்டிடலாமே” என்பார் சிக்கனவாதி. அவ்வாறு செய்தால் சாந்தும் டைல்ஸும் சேர்ந்து தரையை ஒன்றரை அங்குலம் உயர்த்தும்; கதவின் அடியை அறுக்க வேண்டிவரும்; குளியலறைத் தரை கூடத்துத் தரையை எட்டிப்பிடிக்கும்; தண்ணீர் சாக்கடையைவிடக் கூடத்தையே விரும்பத் தொடங்கும்.

எனவே தரையைக் கொத்தி எடுத்து, சுவரின் தளர்ந்த சுண்ணாம்புப் பூச்சையும் நீக்கிப் புதிதாகப் பூசி, தரையிலும் சுவரடியிலும் நீர்க்காப்புப் பூச்சு கொடுப்பதே முறை. அதன்பின் ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து ஒருநாள் முழுதும் விட வேண்டும். பென்சில் கோட்டைவிட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தால் டைல்ஸ் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது.

8. முடிவும் பரிந்துரையும்

முதலில் ஓட்டை, அடுத்து சரிவு, பின்னர் குழாய், மின்கம்பி, நீர்க்காப்பு, கதவு. கீசரின் நீராவி கூரை மரத்துக்குப் பகை ஆதலால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஓர் இடம். டைல்ஸ் கடைசி.

இவ்வரிசையால் உபரிப் பயன் ஒன்றும் உண்டு. நிறத்தைத் தேர்வு செய்யும் நாள் வரும்போது கையிருப்பு கரைந்திருக்கும். மொத்தக் குடும்பமும் பக்கத்து வீட்டில் வாளியும் துண்டுமாகக் காத்திருந்து களைத்திருக்கும். கடைக்காரர் எடுத்துப் போடும் முதல் டைல்ஸே எல்லோருக்கும் பிடித்துவிடும். ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒருமித்த கருத்து உண்டாக இதைவிட உறுதியான வழியை ஆய்வுலகம் இதுவரை கண்டதில்லை.