கொம்பு முந்தியா, எழுத்து முந்தியா: யங்கோன் நூலகத் தேடுபெட்டி பற்றி ஓர் ஆய்வு

பர்மிய எழுத்தில் 'ஏ' ஒலிக்குரிய கொம்புக்குத் தவேத்தோ என்று பெயர். தமிழின் இரட்டைக்கொம்பைப் போலவே அது எழுத்துக்கு இடப்புறம் நிற்கும். வாசிக்கும்போது எழுத்துக்குப் பின்னால் ஒலிக்கும். நிற்கும் இடத்துக்கும் ஒலிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இந்த விரற்கடை தூரம், யங்கோன் நூலகர் பட்டியல் அட்டைகளை விட்டுக் கணினிக்கு மாறிய காலத்தில் எத்தனை நூல்களைக் காணாமல் போக்கியது என்பதே இவ்வாய்வின் பொருள். இதை அற்பம் என்போர், அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் நூலைக் கணினி 'இல்லை' என்று சாதிக்கும்போது நூலகரின் முகத்தைப் பார்த்திராதவர்கள்.

யூனிகோட் 1999இல் தன் 3.0 பதிப்பில் மியன்மா எழுத்துக்கு இடம் ஒதுக்கியது. எழுத்து முதலில், கொம்பு பிறகு என்பது அதன் கட்சி. திரையில் கொம்பைப் பிடித்து இடப்பக்கம் நிறுத்துவது எழுத்துருவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கத் தெரிந்த கணினிகள் அன்று அரிது. 2008இல் 5.1 பதிப்பு வந்து விதிகளைத் திருத்துவதற்குள், ஸோஜி என்ற எழுத்துரு ஊரைப் பிடித்துவிட்டது. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே தட்டு என்பது ஸோஜியின் கட்சி: கொம்பு முதலில், எழுத்து பிறகு. போதாததற்கு, ஷான், மொன், கரேன் மொழிகளுக்கென யூனிகோட் ஒதுக்கிய இடங்களிலும் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களை அது குடியேற்றியது.

ஸோஜி என்பவர் பர்மிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் ரசவாதி. அந்தப் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்ட கவிஞர் ஊ தெய்ன் ஹான் (1907–1990), ரங்கூன் (இன்றைய யங்கோன்) பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். எழுத்துருவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் நூலகப் பட்டியல்களைக் கலைத்த எழுத்துருவுக்கு ஒரு நூலகரின் பெயர் அமைந்ததைக் குறிப்பிடாமல் விடுவது ஆய்வு நெறிக்கு அடுக்காது.

சோதனைக்கு, மெர்ச்சன்ட் சாலையில் உள்ள சாப்பே பெய்க்மானை எடுத்துக்கொள்ளலாம். 1947இல் பர்மிய மொழிபெயர்ப்புக் கழகமாகத் தொடங்கிய பதிப்பகம் அது, நூலகமும் உண்டு. பர்மிய எழுத்துக்கூட்டலில் அதன் பெயரின் முதல் சொல் 'சாபே'. பட்டியலாளர் ஸோஜியில் தட்டினால் கணினிக்குள் போவது ச, கால், கொம்பு, ப. வாசகர் யூனிகோடில் தேடினால் போவது ச, கால், ப, கொம்பு. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. கணினி கண்ணால் பார்ப்பதில்லை. இரண்டும் வேறு என்று தீர்ப்பளித்து, அந்நிறுவனம் வெளியிட்ட நூல் ஒன்றுகூட இல்லை என்று அறிவிக்கும். 'மியன்மா' என்ற நாட்டுப் பெயருக்கும் இதே கதிதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கொம்பைப் பற்றி அவர் விதி எதுவும் செய்யவில்லை.

ஸோஜி ஊரைப் பிடித்திருந்த இதே காலத்தில் ஆங்கிலம் சுகமாக இருந்தது. ஈஐஎஃப்எல் என்ற பன்னாட்டு அமைப்பின் மின்நூலகத் திட்டம் 2013இல் யங்கோன், மண்டலே பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது, கடல் கடந்த ஆய்விதழ்கள் நொடியில் வந்து நின்றன. ஆங்கிலத்துக்குக் கொம்பு முளைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழர் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளான பாமினியும் திஸ்கியும் கொம்பை முன்னால் வைத்தவைதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. முன்வந்த செவியைப் பின்வந்த கொம்பு மறைத்தது என்ற பழமொழியைச் சான்றாகக் காட்டி, கொம்பு பின்னால் வருவதே மரபு என்று யூனிகோட் கட்சியினர் வாதிட இடமுண்டு. அது மாட்டைப் பற்றியது என்பது எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும்.

மீண்டும் மியன்மாவுக்கு வருவோம். 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற தொலைபேசி நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு விற்றன. அதற்குமுன் சிம் கார்டு என்பது வசதி படைத்தவர் வாங்கும் பொருள். கைபேசி பெருகியது, அதில் பெரும்பாலும் ஸோஜி குடியிருந்தது, இணையம் என்றால் ஃபேஸ்புக் என்றாயிற்று. இருதரப்பும் படிக்க வேண்டுமென்று நினைத்தவர்கள் ஒரே செய்தியை மேலே யூனிகோட், கீழே ஸோஜி எனத் தலைப்பிட்டு இருமுறை பதிவிட்டார்கள். படிப்பவருக்கு ஒரு பாதி தமிழாகவும் மறுபாதி பிழைதிருத்தப்படாத அச்சுக்கோப்பாகவும் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மியன்மா அரசு 2019 அக்டோபர் 1ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்தது. ஃபேஸ்புக்கும் அதையொட்டித் தானாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. பழைய பட்டியல்களை மாற்றுவதுதான் கடினம், ஏனெனில் எந்தப் பதிவு எந்தக் கட்சி என்று முதலில் தெரிய வேண்டும். கூகுள் 2018இல் வெளியிட்ட கருவி இதற்கு உதவியது: ஒரு வரியைக் கொடுத்தால், அது ஸோஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். நீண்ட பத்திகளுக்கு இது போதும். நூலகரிடம் இருப்பவையோ தலைப்புகள். வெறும் 'சா' என்பது இரண்டு முறையிலும் ஒன்றே, அதன் கட்சியை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை.

எஞ்சியது படக்கோப்பு. பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு வெறும் கோடு. அதற்கு வரிசை கிடையாது. இணையச் செலவில்லாமல் கைபேசிக்குக் கைபேசி அனுப்ப ஸாப்யா செயலி மியன்மாவில் பரவியிருந்தது. 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டபோதும் இந்த வழிக்கு இணையம் தேவைப்படவில்லை. ஆனால் கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டும். கொம்புத் தகராறுக்கு அஞ்சி அதை ரோமன் எழுத்தில் வைத்தால், 'சாப்பே' என்பதை ஒருவர் ஆர் போட்டு எழுதுவார், இன்னொருவர் போடாமல் எழுதுவார், மூன்றாமவர் கடைசி ஒய்யை ஈ ஆக்குவார். தேடுபெட்டி மூன்றையும் மூன்று நூல் என்றே கணக்கிடும்.