சாமிய வெட்டாதே!

மிச்சம் மீதிக் காகிதத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஃபைல் செய்து, அதற்குள் ஸ்டிக்கர், பழைய முத்திரை, தேயிலைப் பை என்று ஏதாவது வைத்து, முகம் தெரியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவரும் அதேபோல ஒன்று அனுப்புவார். உலகம் முழுக்க இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. 2005இல் போர்த்துக்கல்லில் தொடங்கிய போஸ்ட்குரொஸிங்கில் தபாலட்டையை மட்டும்தான் அனுப்பிக்கொள்வார்கள். ஃபைல் செய்கிறவர்கள் அவர்களைவிட முற்றிப்போனவர்கள். இலங்கை மலையகத்தில் அந்தக் கூட்டத்தின் டயகமக் கிளை நான்தான்.

செய்முறை சுலபம். அட்டையை மடிக்கும்போது பின்பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்து நிற்க வேண்டும். அதில் பெயர் எழுத ஒரு காது. உள்ளே கீழ் ஓரத்தை மேலே மடித்து இரண்டு பக்கமும் ஒட்டினால் பை. ஒட்டுவதற்கு ரொட்டி சுடுகிற கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. சுலபம் என்றது மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டால் இங்கே துணியே காயாது, பசையா காயும்? அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுகிறேன். அப்படிப் புகை குடித்த ஃபைல் கிடைத்த பின்லாந்துப் பெண், "இந்தப் பழங்காலக் காகிதம் எங்கே வாங்கினாய்? என்ன வாசனை!" என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு ஈர விறகு.

காகிதம்தான் பெரிய பாடு. எங்கள் வீட்டில் கழிவுக் காகிதம் என்று ஒன்று கிடையாது. அப்பாயி விடாது. சம்பளச் சிட்டை, கரண்ட் பில், கிளினிக் அட்டை எல்லாம் அதன் தகர ட்ரங்குப் பெட்டிக்குள். குற்றம் சொல்லவும் முடியாது. 1921இல் ஒழிக்கும்வரை, கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு 'துண்டு' கையில் இல்லாமல் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வேறு தோட்டம் மாற முடியாமல் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, உன் அப்பன் எங்கே பிறந்தான், காட்டு காகிதத்தை என்றது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அப்பாயியின் அண்ணன் கூடலூர்ப் பக்கம் போனார்; அப்பாயி இங்கேயே நின்றது. அந்த மனுசியிடம் போய், சம்பளச் சிட்டையில் பூ வெட்டட்டுமா என்று கேட்டேன்.

"பத்து வருசம் கழிச்சு வந்து கேப்பானுங்க. அப்ப ஒன் பூவையா காட்டுவ?"

ஆகவே ஊர்க் காகிதம். கல்யாணப் பத்திரிகைக்கு நிகரில்லை: தடித்த அட்டை, தங்க மை, காசும் இல்லை. லயத்தில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. பிள்ளையார் படம் போட்டதைக் குப்பையில் எறியவும் பயம், அடுப்பில் வைக்கவும் பயம். நான் கேட்டதும் பாரம் இறங்கிய முகத்தோடு கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். கத்தரிக்கோலை எடுத்ததும் அப்பாயி குரல் கொடுத்தது: "சாமிய வெட்டாதே!"

சாமியைச் சுற்றித்தான் வெட்டுகிறேன். அதனால் வெளிநாடு போவதெல்லாம் முகூர்த்த நேரமும் விருந்து மண்டபமும்தான். தேதியைப் பார்த்து இங்கிலாந்திலிருந்து ஒருவர் வாழ்த்து மடல் அனுப்பினார். அந்தத் தம்பதியின் பிள்ளை இப்போது பாடசாலை போகிறது. மிஞ்சிய பிள்ளையார்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறார்கள். தினக் கலண்டர் தாளும் நல்ல சரக்கு. ராகு காலம், எமகண்டம் பார்த்து, இது உங்கள் ஊர் பஸ் நேரமா என்று கேட்டவரும் உண்டு. எங்கள் பஸ்ஸைவிட ராகு காலம் நேரத்துக்கு வரும்.

லயத்துக்குத் தெருப் பெயரும் இலக்கமும் இல்லாத தோட்டங்களில் கடிதம் ஆபீசுக்கோ கடைக்கோ வந்து, கைமாறிக் கைமாறித்தான் வீடு சேரும். உள்ளே என்ன என்று வழியிலேயே எல்லோரும் தடவிப் பார்த்திருப்பார்கள். போன மாதம் செக் நாட்டிலிருந்து புதிதாக ஒருவர் அனுப்பிய உறையை அப்பாயிதான் வாங்கியது. முத்திரை இருக்கிறது, வட்டமாகச் சீல் இருக்கிறது, கையெழுத்து மாதிரியும் ஏதோ இருக்கிறது. பிரஜாவுரிமைச் சான்றிதழுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டது. நான் பதில் அனுப்ப வேண்டிய விலாசம் அந்த உறையின் பின்பக்கத்தில். சாவி அப்பாயியின் முந்தானையில்.

"சீல் வச்ச காயிதம்டி. யாராச்சும் வந்து கேக்கட்டும், அப்ப எடுப்போம்."