ஜன்னல் கம்பி சார்

எந்த அடுக்குமாடியிலும் இவர் ஒருவர் உண்டு. தரைத்தள வீடு, ரிட்டயர்டு மனிதர். போன் அடித்ததும், "இருங்க இருங்க, டவர் இல்ல" என்று கத்திக்கொண்டே வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி படுக்கையறை ஜன்னலுக்கு ஓடுவார். அங்கே இடமிருந்து மூன்றாவது கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டால் ரெண்டு பாயின்ட் கிடைக்கும். பேசி முடித்துத் திரும்பும்போது கன்னத்தில் கம்பி பதிந்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே இஸ்திரி வண்டி. அதனால் மாப்பிள்ளையின் டிரான்ஸ்ஃபர், சம்பந்தி வீட்டு மனத்தாங்கல், சாப்பாட்டுக்குப் பின் எடுத்த சர்க்கரை அளவு எல்லாம் குடியிருப்புக்கே அத்துப்படி. "சார், அந்த டிரான்ஸ்ஃபர் நின்னுச்சா?" என்று இஸ்திரிக்காரர் அக்கறையோடு விசாரிப்பார். "உனக்கு யாருய்யா சொன்னது?" என்று சார் நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை: போன் கம்பெனி. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் அலையைத் தின்றுவிடும், 900 மெகாஹெர்ட்ஸ் நுழைகிற அளவுக்கு 2300 சுவருக்குள் நுழையாது என்று சொல்லிப் பார்த்தேன். "நான் மாசாமாசம் சுவத்துக்கா ரீசார்ஜ் பண்றேன்?" என்றார். ரிச்சி தெருவில் பூஸ்டர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவரை, அனுமதியில்லாமல் அதை மாட்டுவது சட்டப்படி குற்றம், தெருவுக்கே டவர் கெடும் என்று சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் வீட்டில் சீரியலுக்காகப் போட்ட பிராட்பேண்ட் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் அடுத்த மாதமே ஜியோவும் வைஃபை காலிங்கைக் கொண்டுவந்துவிட்டன. லீவுக்கு வந்த பேத்திதான் செட்டிங்ஸில் தேடி அந்தப் பட்டனைத் தட்டிவிட்டாள்.

"வாட்ஸ்அப் கால் மாதிரியா?"

"இல்ல தாத்தா, சாதா கால்தான். அதே நம்பர். டவருக்குப் பதிலா நம்ம வைஃபை வழியாப் போகும். லேண்ட்லைனுக்கும் பேசலாம்."

"அவங்க வீட்லயும் வைஃபை இருக்கணுமோ?"

"வேண்டாம்."

"காசு?"

"தனியா இல்ல. உங்க பிளான்லயே வரும்."

கடைசிப் பதிலில்தான் முகம் மலர்ந்தது. கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும் என்பதால் அதை இன்வெர்ட்டரில் மாட்டச் சொன்னாள். ஃபேனா ரூட்டரா என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்து, ரூட்டர் ஜெயித்தது.

முதல் சோதனை, மதுரையில் இருக்கும் அக்காவுக்கு. ஹால் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. ஆனந்தத்தில், சத்தத்தைக் குறைக்கும் அவசியம் அவருக்குத் தோன்றவில்லை.

"அக்கா, அந்தப் பத்தாயிரம் வந்து சேர்ந்துச்சா?"

சமையலறையில் மிக்ஸி நின்றது. ஜன்னல் கம்பி யுகத்தில் இந்தச் சமாசாரம் இஸ்திரிக்காரருக்குத் தெரியும், எதிர் பிளாக் வாட்ச்மேனுக்குத் தெரியும். சமையலறை வீட்டின் மறுகோடியில் இருந்ததால் மாமிக்கு மட்டும் தெரியாது.

"எந்தப் பத்தாயிரம்?"

"ஹலோ... அக்கா... ஹலோ... டவர் இல்லக்கா, கட்டாகுது..."

"தாத்தா, வைஃபை ஃபுல்லா இருக்கு!" என்றாள் பேத்தி, பெருமை தாங்காமல்.