செட்டர் எதற்கு?

கேள்வி: ஜாவாவில் எல்லா மாறிகளையும் பிரைவேட் ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கெட்டர், செட்டர் எழுதச் சொல்கிறார்களே, வீண்வேலை இல்லையா?

பதில்: எல்லாவற்றுக்கும் செட்டர் வைத்தால் வீண்வேலையேதான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சாவி கொடுத்த கதை! (ஒரே கிளிக்கில் ஐடிஇ எழுதித் தருகிறதே என்பீர்கள். வினையே அதுதான்.) வங்கிக் கணக்கு கிளாஸில் 'செட்பேலன்ஸ்' எதற்கு? 'டெபாசிட்', 'வித்டிரா' போதும். 500 ரூபாய் இருக்கும் கணக்கில் 800 கேட்டால் கையை விரிக்க வேண்டியது அந்த கிளாஸ்தான். நாளை மினிமம் பேலன்ஸ் விதி மாறினாலும் திருத்தம் ஒரே இடத்தில். மாறக்கூடிய முடிவுகளை மாட்யூலுக்குள் மறைத்து வையுங்கள் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதிவிட்டார். இப்படி மறைக்கும் விஷயத்தில் பைத்தான் ரொம்பத் தாராளம். மாறியின் பெயருக்கு முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டால் அந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைக்கும், அவ்வளவே. விவரம் தெரிந்தவர் கூச்சப்படாமல் உள்ளே வரலாம்.