முகதரிசனக்காரர்

தெல்தெனியவில் கண்டி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் முகதரிசனக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வருகிற பஸ்ஸின் போர்டை அவர் வாசிப்பதில்லை, மூஞ்சியைத்தான் பார்ப்பார். ஹெட்லைட் இரண்டும் கண், கீழே இருக்கும் கம்பி வலை பல். “இவன் கோவமா வாறான், அடுத்ததுல போவோம்” என்று பக்கத்தில் நிற்பவரையும் மறித்துவிடுவார். பலாப்பழத்தில் அவருக்குக் கடை முதலாளி தெரிவார், சுவர்ப் பாசியில் சாமியார். தேங்காய்க் கடையில்தான் அவரோடு நிற்கவே முடியாது. குடுமியைப் பிய்த்ததும் தெரியும் மூன்று கண்ணில் இரண்டு கெட்டி, ஒன்று மெத்து. முளை வருவது அந்த மெத்தென்ற கண் வழியாக. அவருக்கோ அது ‘ஓ’வென்று திறந்த வாய். திடுக்கிட்டுப் போன காயை உடைக்க மனம் வராமல் திருப்பி வைப்பார். வீட்டில் சம்பல் பிந்தும்.

சிரிக்கலாம். ஆனால் நமக்கும் முகம் தெரிகிறது, அவர் வாய்விட்டுச் சொல்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். பிறந்து சில நிமிடமே ஆன சிசுகூட முகம்போல அமைந்த புள்ளிகளின் பின்னால் கண்ணைத் திருப்பும். முகத்துக்கென்றே மூளையில் ஒரு பகுதி விழித்துக்கொள்வதை 1997இல் மூளை ஆய்வாளர் நான்சி கன்விஷரின் குழு காட்டியது. பொருளில் முகம் தெரியும்போதும் அந்தப் பகுதி நொடியில் ஆறிலொரு பங்குக்குள், யோசிக்க முன்னரே, வேலையைத் தொடங்கிவிடுகிறது. காரணமும் எளிது. இங்கே பக்கத்து நக்கிள்ஸ் மலைக்காட்டில் சிறுத்தை உண்டு. புதரைச் சிறுத்தை என்று நினைத்து ஓடியவனுக்கு மூச்சிரைப்போடு போயிற்று. சிறுத்தையைப் புதர் என்று நினைத்தவன் யாருக்கும் பாட்டனாகவில்லை.

படிப்பு ஏறினால் இப்படி உருவம் தெரிவது போய்விடும் என்பார்கள். அந்த மலைத்தொடரையே மடக்கிய கைமுட்டியாகக் கண்டு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் பிரித்தானிய நில அளவையாளர்கள். பட்டம், கருவி எதிலும் குறைவில்லை. 1976இல் வைக்கிங் விண்கலம் அனுப்பிய படத்தில் செவ்வாயில் ஒரு முகம் தெரிந்து உலகமே பரபரத்தது. 2001இல் தெளிவாக எடுத்த படத்தில் அது வெறும் குன்று. போகட்டும், குரங்குகளும் பொருளில் தெரியும் முகத்தை வெறும் பொருளைவிட நெடுநேரம் பார்ப்பதாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. அவை எந்தப் பள்ளிக்கூடத்தில் தவறின?

எல்லாருக்கும் ஒரே மூளையென்றால் ஒரே உருவம் அல்லவா தெரிய வேண்டும் என்று இன்னொருவர் மடக்கலாம். நிலாவைப் பாருங்கள். கறை ஒன்றுதான். புத்தரின் முற்பிறப்புக் கதையான சச ஜாதகம் கேட்ட சிங்களப் பிள்ளைக்கு அது முயல், தமிழ்ப் பிள்ளைக்குப் பாட்டி. கறையில் உருவத்தைத் தேடச் சொல்வது மூளை. அதற்குப் பெயர் வைப்பது வீடு. பெயர் பெரிதானால் விலையும் ஏறும். மாதாவின் முகம் தெரிவதாகச் சொல்லப்பட்ட, பத்து வருடம் பத்திரப்படுத்திய சீஸ் ரொட்டி ஒன்று 2004இல் அமெரிக்காவில் 28,000 டொலருக்கு ஏலம் போயிற்று. தெல்தெனியவில் இதுவரை பாண் துண்டுக்கு யாரும் விலை கேட்கவில்லை. நம்மவர் மட்டும் தினமும் காலையில் கருகிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், தேநீர் ஆறுகிறது.